முந்நூறு யென்னுக்கு ஒரு கோப்பை

ஜப்பானில் பெரும்பாலான ரயில் நிலையக் கடைகளில் நீல லேபிள் ஒட்டிய சின்னக் கண்ணாடிக் கோப்பை ஒன்று விற்பனைக்கு இருக்கும். நீலத்தின் மேல் வெள்ளை நிறத்தில் ‘ஒன் கப்’ என்று ஆங்கில எழுத்து. மேலே ஒரு பிளாஸ்டிக் மூடி. அதை எடுத்தால் வளையம் வைத்த உலோக மூடி. உள்ளே 180 மில்லி சாக்கே, அதாவது அரிசியில் காய்ச்சும் ஜப்பானிய மது, 15 சதவீத ஆல்கஹால். தயாரிப்பது ஓஸெக்கி நிறுவனம். விலை கடைக்குக் கடை கொஞ்சம் முன்பின் இருக்கும். கோபேயில் நான் வாங்கும் கடைகளில் முந்நூறு யென்னை ஒட்டி நிற்கிறது. ஒரு கிண்ணம் உடோன் நூடுல்ஸ் சாப்பிட்டாலே இதைவிடக் கூடுதலாக ஆகிவிடும்.

சாக்கேவை ருசி பார்த்து எழுதுகிறவர்கள் இந்தக் கோப்பையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவர்களுக்கு அரிசியைப் பாதியாகத் தேயும் வரை தீட்டி எடுத்த டாய்கின்ஜோ வேண்டும். ஐயாயிரம், பத்தாயிரம் யென் பாட்டில் வேண்டும். ஒயின் கிளாஸில் ஊற்றி முலாம்பழ வாசம், பேரிக்காய் வாசம் என்று அடுக்குவார்கள். யாராவது வாங்கிக் கொடுத்தால் நானும் மறுக்காமல் குடிப்பேன். ஆனால் கப்பல் இயந்திர உதிரிபாகங்களை விற்றுச் சம்பளம் வாங்குகிறவன், செவ்வாய்க்கிழமை இரவு சுட்ட மீனுக்குத் துணையாக அதைத் திறக்க முடியாது. திறந்தாலும் அந்தப் பழ வாசமும் மீனும் ஒத்துப்போவதில்லை. ஜப்பானில் தயாராகும் சாக்கேயில் பாதிக்கு மேல் இன்றும் ஃபுட்சூஷு என்கிற சாதாரண வகைதான். ஊர் குடிப்பது அது. எழுத ஆள் இல்லாததும் அதற்குத்தான். நான் இரண்டே விஷயங்களைப் பார்க்கிறேன். இது சாப்பாட்டை ருசியாக்குகிறதா? முதல் வாய்க்குப் பிறகு கை தானாகக் கோப்பையை நோக்கிப் போகிறதா?

ஓஸெக்கி இருப்பது கோபேக்கும் ஒசாகாவுக்கும் நடுவே, நிஷினோமியா நகரின் இமாசு பகுதியில். 1711-இல் தொடங்கிய ஆலை. ஹன்ஷின் ரயிலில் போய் இறங்கிக் கடலை நோக்கி நடந்தால் மரத்தால் கட்டிய குட்டிக் கலங்கரை விளக்கம் ஒன்று தெரியும். இமாசு துறைமுகத்துக்கு வந்துபோகும் படகுகளுக்காக 1810-இல் இந்த ஆலைக் குடும்பம் முதலில் எழுப்பி, 1858-இல் திரும்பக் கட்டியது அது. எடோவுக்கு, அதாவது இன்றைய டோக்கியோவுக்கு, இந்தக் கடற்கரையிலிருந்துதான் பீப்பாய் பீப்பாயாகச் சாக்கே கப்பலேறியது. கப்பல் சம்பந்தப்பட்ட பிழைப்பு என்பதால் எனக்கு ஆலைக் கட்டடத்தைவிட அந்த விளக்கின் மேல்தான் ஆசை அதிகம். விருந்தாளிகள் யார் வந்தாலும் முதலில் அங்கேதான் இழுத்துக்கொண்டு போகிறேன். பாதிப் பேர் இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் என்று கேட்டுவிடுகிறார்கள்.

இமாசுவிலிருந்து மேற்கே கோபே வரை நீளும் ஐந்து ஊர்களைச் சேர்த்து நதா என்பார்கள். நாட்டிலேயே மிக அதிகமாகச் சாக்கே காய்ச்சும் பகுதி. அதற்குத் தண்ணீர்தான் காரணம். யமமுரா தசாயெமோன் என்ற ஆலைக்காரருக்கு இரண்டு ஊர்களில் ஆலை இருந்தது. நிஷினோமியாவில் காய்ச்சியது மட்டும் ஏனோ எப்போதும் நன்றாக வந்தது. ஆட்களை மாற்றிப் பார்த்தார், அரிசியை மாற்றிப் பார்த்தார். கடைசியில் நிஷினோமியாக் கிணற்றுத் தண்ணீரையே மற்ற ஊருக்குச் சுமந்து போய்க் காய்ச்சிப் பார்த்தார். அந்தத் தண்ணீரில்தான் சூட்சுமம் இருக்கிறது என்று 1840-இல் தெரிந்தது. ஜப்பானியத் தண்ணீர் பொதுவாக மென்மையானது. இது அதைவிடக் கடினம். பொட்டாசியமும் பாஸ்பரஸும் உண்டு. நிறத்தையும் ருசியையும் கெடுக்கும் இரும்பு மட்டும் மிகக் குறைவு. ஈஸ்ட் இதில் மும்முரமாக வேலை செய்வதால் இனிப்பு கரைந்து, விறைப்பான ருசி வருகிறது. கியோட்டோவின் ஃபுஷிமி பகுதித் தண்ணீர் இதைவிட மென்மையானது, அங்கே காய்ச்சும் சாக்கேயும் சாதுவானது. முந்நூறு யென் கோப்பையிலும் இந்த வித்தியாசம் நாக்குக்குத் தெரிகிறது என்பதால்தான் தண்ணீர்க் கதையைச் சொன்னேன்.

இந்தக் கோப்பை கடைக்கு வந்தது 1964 அக்டோபர் 10 அன்று, டோக்கியோ ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில். அதுவரை சாக்கே என்றால் 1.8 லிட்டர் பெரிய பாட்டில்; வீட்டில் ஒருவர் அதைச் சிறிய பீங்கான் குடுவைக்கு மாற்றி, சூடாக்கி, இன்னொருவருக்கு ஊற்றித் தர வேண்டும். தனியாளாக, ரயிலில், யாரும் ஊற்றித் தராமல் குடிக்கலாம் என்பது அன்றைக்குப் புதுச் சங்கதி. ஷின்கான்சென் அதிவேக ரயில் ஓடத் தொடங்கியதும் அதே மாதம்தான். பிறகு தானியங்கி விற்பனை இயந்திரங்கள் வந்தன, நிலையக் கடைகள் பெருகின, கோப்பை நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தது. கூடவே ஒரு பெயரும் ஒட்டிக்கொண்டது: குதிரைப் பந்தய மைதானத்தில் காதில் பென்சில் செருகிய பெரியவர்கள் குடிப்பது. இளைஞர்கள் இன்றும் இதைக் கையில் எடுக்கக் கூச்சப்படுகிறார்கள். எனக்கு அந்தக் கூச்சம் இல்லை. வெளிநாட்டுக்காரனாக இருப்பதில் இது ஒரு சௌகரியம். என்னை எந்த வகையில் சேர்ப்பது என்று கல்லாவில் இருக்கும் பையனுக்குத் தெரியாது.

லேபிளில் ‘ஜோசென்’ என்று ஒரு சொல் இருக்கும். 1992 வரை அரசாங்கமே சாக்கேவைத் தனிச்சிறப்பு, முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரித்து, அதற்கேற்ப வரி போட்டது. அந்த முறை ஒழிந்த பிறகு, பழைய முதல் தரத்தின் இடத்தில் ஆலைக்காரர்கள் தாங்களாக வைத்துக்கொண்ட பெயர் இது. சட்டப்படி இப்போது இதற்கு அர்த்தம் எதுவும் கிடையாது. பார்க்க வேண்டியது பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானப் பட்டியல்: அரிசி, அரிசிக் கோஜி (நொதிக்க வைப்பதற்காகப் பூஞ்சை வளர்த்த அரிசி), காய்ச்சி வடித்த ஆல்கஹால். அவ்வளவுதான்.

அந்த மூன்றாவது சொல்லைப் பார்த்ததும் பலர் கோப்பையைக் கீழே வைத்துவிடுகிறார்கள். சுத்தமான சாக்கே அரிசியில் மட்டும்தான் இருக்க வேண்டும், ஆல்கஹால் சேர்த்தால் கலப்படம் என்று ஒரு நினைப்பு. இந்த நினைப்புக்கு வரலாற்றில் காரணம் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அரிசித் தட்டுப்பாடு வந்தபோது, ஒரு பங்கு சாக்கேயில் ஆல்கஹால், சர்க்கரை, அமிலமெல்லாம் சேர்த்து மூன்று பங்காக்கி விற்றார்கள். தட்டுப்பாடு தீர்ந்தும் அந்தப் பழக்கம் பல பத்தாண்டுகள் நீடித்தது. அதைக் குடித்து மறுநாள் தலைவலியோடு எழுந்த தலைமுறைதான் பீருக்கும் விஸ்கிக்கும் போனது. சாக்கே விற்பனை 1973-இல் உச்சத்தைத் தொட்டது. இன்று அதில் நான்கில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. 2006-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அரிசியின் எடையில் பாதிக்கு மேல் இவற்றைச் சேர்த்தால் அதைச் சாக்கே என்று விற்க முடியாது.

ஆனால் ஆல்கஹால் சேர்ப்பதே குற்றம் என்பதை நான் ஏற்க மாட்டேன். 1911 முதல் நடக்கும் தேசியப் புதிய சாக்கே மதிப்பீட்டில் தங்கம் வாங்கும் டாய்கின்ஜோக்களில் பலவற்றிலும் கொஞ்சம் சேர்த்திருக்கிறார்கள். அங்கே வாசத்தை வெளியே இழுக்க. இங்கே ருசியை மெலிதாக்கி, வாயில் ஒட்டாமல் இறங்க வைக்க. விலையைக் குறைக்கவும்தான், அதை மறைப்பானேன். நான் கோடு போடும் இடம் வேறு. பட்டியலில் சர்க்கரையும் புளிப்பூட்டியும் இருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். இந்தக் கோப்பையில் இரண்டும் இல்லை.

இனி ருசி. ஆலைக்காரர்கள் சோதனைக்குப் பயன்படுத்தும் வெள்ளைப் பீங்கான் கோப்பை ஒன்று உண்டு. அடியில் நீல நிறத்தில் இரண்டு வட்டங்கள் இருக்கும். வெள்ளையில் நிறம் தெரியும், நீலத்தின் ஓரத்தில் கலங்கல் தெரியும். அதில் ஊற்றிப் பார்த்தால் ஒன் கப் கிட்டத்தட்டத் தண்ணீர்தான்; உற்றுப் பார்த்தால் மட்டும் மஞ்சளின் நிழல். நீல வட்டம் கூர்மையாகத் தெரிகிறது, கலங்கல் இல்லை.

குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே குடிப்பவர்கள்தான் இதைத் திட்டுகிறார்கள். ஐந்து டிகிரியில் இதற்கு வாசம் என்று ஒன்றுமே இல்லை. நாக்கின் நுனியில் ஆல்கஹால் சுருக்கென்று குத்துகிறது, இனிப்பு மூடிக்கொள்கிறது, தொண்டையில் லேசான கசப்பு மிஞ்சுகிறது. குளிர்ச்சியில் பழ வாசம் வீசுவதற்கென்று செய்த சரக்கு இது இல்லை. அதை அப்படிக் குடித்துவிட்டுக் குறை சொன்னால் என்ன செய்வது. கூடத்து வெப்பத்தில், இருபது டிகிரி அளவில், கொஞ்சம் வாய் திறக்கிறது. அரிசியின் இனிப்பு முன்னால் வருகிறது, பின்னால் நதாவின் விறைப்பு. ஓடும் ரயிலில் சுட்ட கணவாயை மென்றுகொண்டு இந்த நிலையில் குடிக்கலாம், தப்பில்லை.

நாற்பத்தைந்து டிகிரியில் கதை மாறுகிறது. கோப்பையிலிருந்து எழும் ஆவியில் வடித்த கஞ்சியின் மணம். நம் வீட்டில் உலை மூடியைச் சாய்த்து வடிக்கும்போது முகத்தில் அடிக்குமே, அதே மணம். நாக்கில் வைத்ததும் முதலில் உருண்டையான ஓர் இனிப்பு. உடனே அதன் அடியிலிருந்து குழம்புக்கு வரும் அடர்த்தி. அதன் பிறகு, என்ன ருசி என்று யோசிக்கும் முன்பே, துடைத்துவிட்டாற்போல் முடிந்துவிடுகிறது. இந்தச் சட்டென்ற முடிவைத்தான் விலை உயர்ந்த பாட்டில் ரசிகர்கள் குறை என்பார்கள், நீளம் போதாது என்பார்கள். எனக்கு இதுதான் இந்தக் கோப்பையின் பெரிய பலம். வாய் சுத்தமாகிவிட்டதால் அடுத்த துண்டு மீனுக்கு அது தயார். குத்திய ஆல்கஹாலும், குளிரில் மூடிக்கொண்ட இனிப்பும், தொண்டையில் நின்ற கசப்பும் எங்கே போயின என்று தெரியவில்லை.

ஐம்பத்தைந்தைத் தாண்டினால் ஆவியே மூக்கைக் குத்தும். ருசி ஒல்லியாகி, காரமாகிவிடும். கொழுப்பு மீனுக்கு அது சரி, வெறுமனே குடிக்க வேண்டாம். சூடாக்கியதை மறந்து வைத்து, ஆறிய பிறகு குடித்தால் இனிப்பு மேலே வந்து படிந்திருக்கும், கொஞ்சம் கனமாக. சிலருக்கு அது பிடிக்கும். எனக்குப் பிடிக்காது.

சூடாக்குவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதி மதிப்பெண் அதில்தான் இருக்கிறது. ஹன்ஷின் ரயில் பாதையை ஒட்டி ஒரு பழைய மதுக்கடை உண்டு. உள்ளேயே ஒரு பலகை மேஜை. வாங்கியதை அங்கேயே நின்றுகொண்டு குடிக்கலாம். கடைக்காரருக்கு எழுபதுக்கு மேல் வயது. கைப்பிடி வைத்த தகரக் குவளையில் சாக்கேவை ஊற்றி, மேஜை மூலையில் எப்போதும் கொதிநிலைக்குக் கொஞ்சம் கீழே நிற்கும் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்துவார். வெப்பமானி இல்லை. கொஞ்ச நேரம் கழித்துக் குவளையைத் தூக்கி, நடுவிரலால் அதன் அடியைத் தொட்டுப் பார்ப்பார். விரலை உடனே எடுக்கத் தோன்றினால் ஐம்பது. ஒரு கணம் வைத்திருக்க முடிந்தால் நாற்பத்தைந்து. ஒருநாள் என் கையைப் பிடித்து விரலை வைக்கச் சொன்னார். “இப்போது எடுத்துவிடுங்கள், இதுதான். இதற்கு மேல் போனால் அது சாக்கே இல்லை, மருந்து” என்றார். அவர் ஊற்றித் தரும் ஒன் கப்பும் நான் வீட்டில் செய்வதும் ஒன்றுபோல் இருந்ததே இல்லை. தகரம் வெப்பத்தை வேகமாகவும் சீராகவும் கடத்துகிறது என்பது என் இயந்திரப் புத்தி சொல்லும் காரணம்.

வீட்டில் தகரக் குவளை தேவையில்லை. சிறிய பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்துவிடுங்கள். கோப்பையின் இரண்டு மூடிகளையும் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். மூடியோடு சூடாக்கினால் உள்ளே அழுத்தம் ஏறும். கோப்பையில் சாக்கே நிற்கும் மட்டம் வரை தண்ணீர் இருந்தால் போதும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கோப்பையை நேராக வெந்நீரில் இறக்காதீர்கள், கண்ணாடி விரிசல் விடலாம். மூன்று நான்கு நிமிடத்தில் நாற்பத்தைந்துக்கு அருகில் வந்துவிடும். மைக்ரோவேவ் அடுப்பென்றால் பீங்கான் குடுவைக்கு மாற்றி, பாதியில் ஒருமுறை நிறுத்திக் கலக்குங்கள். கலக்காவிட்டால் மேலே கொதிக்கும், அடியில் குளிர்ந்திருக்கும், முதல் வாயிலேயே உதடு சுட்டு மொத்தப் பழியும் சாக்கேயின் தலையில் விழும்.

இப்படிச் சூடாக்கிக் குடிக்கும் சாக்கேக்கென்றே நாடளாவிய போட்டி ஒன்று நடக்கிறது, அதில் மலிவு விலைப் பாட்டில்களுக்குத் தனிப் பிரிவும் இருக்கிறது. தீர்ப்பாளர்களுக்காவது விஷயம் தெரிகிறதே என்று ஓர் ஆறுதல்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். குளிர்காலத்தில் ஓடென். வெள்ளை முள்ளங்கி, முட்டை, மீன் விழுதுக் குழல், இந்தப் பக்கத்து ஊர்களில் கூடவே மாட்டுத் தசைநார். எல்லாம் மணிக்கணக்கில் மீன் சாற்றில் வெந்தவை. சாறு ஊறிய முள்ளங்கியைக் கடித்து, அது வாயில் உடைந்து கரையும்போதே ஒரு வாய் சூடான ஒன் கப். எது எங்கே முடிந்து எது தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. டோக்கியோவின் அகபானே பகுதியில், கோப்பையில் கடைசிக் கொஞ்சம் மிச்சம் வைத்து, அதில் ஓடென் சாற்றை ஊற்றி, மிளகாய்ப் பொடி தூவிக் குடிக்கும் வழக்கம் உண்டு. வீட்டில் செய்து பார்த்தேன்; பிரமாதம். ஐயாயிரம் யென் பாட்டிலில் இதைச் செய்ய யாருக்குக் கை வரும்?

உப்புத் தடவிச் சுட்ட கானாங்கெளுத்திக்கு ஐம்பது டிகிரி. தோலின் கொழுப்பை அந்தச் சூடு கரைத்துக்கொண்டு போய்விடுகிறது. வசந்தத்தில் கோபே வீடுகளில் பொடி மீனைச் சோயாவிலும் சர்க்கரையிலும் இஞ்சியிலும் சுண்டக் காய்ச்சுவார்கள், இகனாகோ குகினி என்று பெயர். துருப்பிடித்த ஆணி மாதிரி வளைந்து கிடக்கும். அண்டை வீட்டு அம்மா வருஷம் தவறாமல் ஒரு டப்பா கொடுத்துக்கொண்டிருந்தார். இப்போது மீன்வரத்து குறைந்து விலை ஏறிவிட்டதால் டப்பா சின்னதாகிவிட்டது. அதன் இனிப்புக்கு இந்தச் சாக்கேயின் விறைப்பு அளந்து வைத்தாற்போல் பொருந்தும்.

நம் சமையலோடு? புளியும் மிளகாயும் சேர்ந்த மீன் குழம்போடு சேரவே சேராது. காரம் பட்ட நாக்கில் சூடான ஆல்கஹால் நெருப்பாக இறங்கும், அரிசியின் இனிப்பு அடையாளம் இல்லாமல் போய்விடும். வறுத்த நெத்திலிக் கருவாடு சரிப்படும், மிளகாய்த்தூளை ஒதுக்கினால். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, “மிளகாய் போடாத கருவாட்டைத் தின்பதற்கு நீங்கள் பத்தியமே இருந்துவிடலாம்” என்றாள். ருசி விஷயத்தில் அவள் தீர்ப்பை நான் மேல்முறையீடு செய்வதில்லை.

குறை என்று சொன்னால் கண்ணாடியைச் சொல்லலாம். சாக்கேக்கு வெளிச்சம் ஆகாது. நிறமில்லாத கண்ணாடி வழியே வெயிலோ குழல் விளக்கோ நாள்கணக்கில் பட்டால் நிறம் மஞ்சளாகும், கருகிய முடி மாதிரி ஒரு நாற்றம் வரும். நிலையத்துக்கு எதிரே ஒரு சின்னக் கடையில், ஜன்னலோரம் தூசி படிந்து நின்ற ஒரு கோப்பையை வாங்கி அந்த நாற்றத்தை நானே முகர்ந்திருக்கிறேன். குற்றம் வைத்திருந்த இடத்தினுடையது. ஆகவே அலமாரியின் முன்வரிசையை விட்டுவிட்டுப் பின்வரிசையில் கைவிட்டு எடுங்கள். சாக்கேக்குக் காலாவதித் தேதி போடும் வழக்கம் இல்லை. தயாரித்த தேதி அச்சிட்டிருந்தால் பாருங்கள், அதுவும் 2023 முதல் கட்டாயம் இல்லை. சரக்கு வேகமாக விற்றுத் தீரும் பெரிய கடையில் வாங்குவது உத்தமம்.

இதே விலை வட்டத்தில் போட்டியாளர்கள் உண்டு. ஹாக்குட்சுரு நிறுவனத்தின் ‘மாரு’ 1984 முதல் அட்டைப் பெட்டியில் வருகிறது. அட்டை வெளிச்சத்தை அண்டவிடாது, மில்லிக் கணக்கில் பார்த்தால் விலையும் குறைவு. ருசி இன்னும் மெலிசு, ஆல்கஹாலும் கொஞ்சம் குறைவு. தினமும் குடிக்கிறவர்களும் சமையலுக்கு ஊற்றுகிறவர்களும் அதை வாங்கலாம். சமையலுக்கென்று விற்கும் சாக்கேயில் உப்புப் போட்டிருப்பார்கள். குடிக்க முடியாததால் அதற்கு மதுவரி கிடையாது, விலை குறைவு. ஆனால் குழம்பில் உப்புக் கணக்கு தவறிவிடும். கிக்கு மசமுனே நிறுவனத்தின் பீப்பாய்ச் சாக்கேயில் சுகி என்கிற ஜப்பானிய ஊசியிலை மரத்தின் வாசம் ஏறியிருக்கும். சில நூறு யென் கூடுதலாகக் கொடுக்க மனமிருந்தால், குளிரக் குடிக்க விரும்புகிறவர்களுக்கு நான் அதைத்தான் கைகாட்டுவேன். இன்னும் மலிவாக ஒரு இரண்டு லிட்டர்ப் பெட்டி வாங்கினேன், பெயர் வேண்டாம். பட்டியலில் சர்க்கரை, புளிப்பூட்டி இரண்டும் இருந்தன. உதடு ஒட்டுகிற இனிப்பு, அதன் பின்னால் எலுமிச்சை உப்பு மாதிரி ஒரு புளிப்பு. சூடாக்கினால் இரண்டும் தனித்தனியாகப் பிரிந்து நின்றன. அந்தப் பெட்டி மட்டி வேகவைப்பதிலேயே தீர்ந்தது.

சில்லறை விஷயங்கள். லேபிளின் உட்புறத்தில் ஒரு படம் அச்சிட்டிருப்பார்கள். குடிக்கக் குடிக்க, கண்ணாடி வழியே கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவரும். காலிக் கோப்பை கனமானது, வாய் மழுங்கலாக உருண்டிருக்கும், கழுவித் தண்ணீர் குடிக்கலாம். எங்கள் அடுக்கக வீடுகள் பலவற்றில் பல் துலக்கும் பிரஷ் இதில்தான் நிற்கிறது. கல்லறைத் தோட்டங்களில் மூடி திறந்த ஒன் கப்பைப் படைத்திருப்பதைப் பார்க்கலாம். 100 மில்லியில் ஒரு சின்னக் கோப்பையும் வருகிறது. அதைச் சூடாக்கினால் இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும், எனக்கு ஒத்துவரவில்லை.

அளவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு கோப்பையில் சுத்த ஆல்கஹால் கிட்டத்தட்ட 22 கிராம். மிதமான குடி என்று ஜப்பான் சுகாதார அமைச்சகம் சொல்லும் ஒரு நாள் அளவு 20 கிராம் அளவில். எனவே ஒன்றோடு நிறுத்துவதுதான் கணக்கு. கோப்பையில் அடைத்து வருவதால் நிறுத்துவதும் சுலபம், பெரிய பாட்டிலில் அது நடக்காது. குடித்தால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். 2024 நவம்பரிலிருந்து போதையில் சைக்கிள் ஓட்டினாலும் தண்டனை கடுமை.

யாருக்கு இது வேண்டாம் என்றால், சாக்கேவை முதல்முறை சுவைக்கிறவர்களுக்கும், குளிர்ச்சியாகத்தான் குடிப்பேன் என்கிறவர்களுக்கும். அவர்களுக்குப் பழ வாசம் வீசும் கின்ஜோ வகையில் சின்னப் பாட்டில் எதையாவது வாங்கிக் கொடுங்கள். மீனும் சோறும் சாறுமாக இரவுச் சாப்பாட்டை வீட்டில் சமைத்து, ஐந்து நிமிடம் வெந்நீர்ப் பாத்திரத்தின் அருகில் நிற்கச் சலித்துக்கொள்ளாதவர்களுக்கு இதைவிட நியாயமான முந்நூறு யென் ஜப்பானிய மதுக்கடையில் இல்லை.

குளிர்ச்சியில் பத்துக்கு நான்கு. கூடத்து வெப்பத்தில் ஆறு. நாற்பத்தைந்து டிகிரியில், ஓடென் பக்கத்தில் இருந்தால், எட்டு. விலைக்குத் தனியாக ஒன்பது போட்டிருந்தேன். கோப்பைக்கு மதுவரியே 18 யென், அதற்கு மேல் பத்து சதவீத நுகர்வு வரி. கண்ணாடி, மூடி, லாரி வாடகையெல்லாம் போக மிச்சத்தில் அரிசி வாங்கிக் காய்ச்சியிருக்கிறார்கள் என்று நினைத்தால் ஒன்பது நியாயம்தான். ஆனால் 2025-இல் சூப்பர் மார்க்கெட்டில் ஐந்து கிலோ அரிசி சராசரியாக நாலாயிரம் யென்னைத் தாண்டியது, முந்தைய வருஷத்தைப் போல இரண்டு மடங்கு. மதுக்கடைப் பெரியவரும் விலைச் சீட்டுகளை எழுதி ஒட்டிக்கொண்டே இருக்கிறார். கோப்பை நானூறைத் தொட்டால் அந்த ஒன்பதை ஏழாக்கிவிடுவேன், அட்டைப் பெட்டிக்கும் மாறிவிடுவேன்.